உங்க தொழில் எந்த மாசம் படுக்கும்? வேலையை விடுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

வேலையை விட்டுவிட்டு சொந்தமாக ஏதாவது ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன் என்று யாராவது என் கடைக்கு வந்து உட்கார்ந்தால், என்ன தொழில், எவ்வளவு முதல் என்றெல்லாம் நான் முதலில் கேட்பதில்லை. அந்தத் தொழில் எந்த மாதம் படுக்கும் என்றுதான் கேட்பேன். பாதிப் பேருக்கு அதற்குப் பதில் தெரியாது. தெரியவில்லை என்றால் இன்னும் ஒரு வருஷம் கம்பெனி பஸ்ஸிலேயே போய் வாருங்கள், அந்த ஒரு வருஷத்தில் இதை மட்டும் கண்டுபிடியுங்கள் என்று சொல்வேன்.

நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியனாக 11 வருஷம் இருந்தேன். இப்போது பாலக்கோடு பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன், கூடவே போர்வெல் மோட்டார் இறக்கி ஏற்றும் வேலையும் உண்டு. சம்பளம் வாங்கிய காலத்தில் எனக்கு எல்லா மாதமும் ஒன்றுதான். ஒன்றாம் தேதி என்றால் பணம் வந்துவிடும், மழை பெய்தாலும் வரும், தக்காளி கிலோ 5 ரூபாய்க்குப் போனாலும் வரும். வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது, தர்மபுரி கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சம்பளக்காரர் தவிர மற்ற எல்லோருடைய பணமும் காட்டில் விளைவதோடு கட்டிக் கிடக்கிறது என்று. மாசி பங்குனியில் புளி உலுக்குவார்கள், அப்போது அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் கையில் காசு புரளும். சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் மாங்காய். பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் தக்காளி, அது என்றைக்குத் தூக்கும் என்றைக்குக் கவிழ்க்கும் என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் சலூன் வைத்தாலும் சரி, செல்போன் கடை வைத்தாலும் சரி, டெய்லரிங் செய்தாலும் சரி, உங்களிடம் வருகிறவர் இந்தக் காசைத்தான் கொண்டுவருவார்.

இதைப் பார்க்காமல் இறங்கி அடிபட்ட ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். என்னோடு ஒரே ஷிப்டில் இருந்தவர், காவேரிப்பட்டணம் பக்கத்து ஊர். ஒரு மே மாதம் லீவில் ஊரில் இருந்தபோது, மாங்கூழ் ஆலைகளுக்கு லோடு அடிக்க வண்டி கிடைக்காமல் ஆளாளுக்கு அலைவதைப் பார்த்திருக்கிறார். அடுத்த மாதமே வேலையை விட்டு, தவணையில் ஒரு குட்டி யானை (சின்ன சரக்கு வண்டி) எடுத்துவிட்டார். ஜூன், ஜூலை முழுக்க ராத்திரி தூக்கமில்லாத அளவுக்கு ஓட்டம். ஆகஸ்டில் மாங்காய் நின்றது. ஆலை வாசலில் லோடுக்கு நின்ற வண்டிகள் எல்லாம் டவுனில் வந்து நின்றன, பத்து வண்டிக்கு ஒரு லோடு. தவணை மட்டும் மாதா மாதம் அதே தேதிக்கு வந்தது. பொங்கலுக்கு முன்னால் வண்டியை விற்றார். அவர் சோம்பேறி இல்லை, கெட்டிக்காரர். வருஷத்தின் நல்ல இரண்டு மாதத்தைப் பார்த்துவிட்டு மீதி பத்து மாதமும் அப்படியே இருக்கும் என்று நம்பியதுதான் அவர் செய்தது.

அதனால் முதல் வேலை இதுதான். நீங்கள் நினைத்திருக்கும் தொழிலை, சம்பளத்தில் இருந்துகொண்டே, சிறிய அளவில், ஒரு முழு வருஷம் செய்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை, முதல் ஷிப்டு முடிந்த சாயங்காலம், கம்பெனி ஷட்டவுன் நாட்கள், எது கிடைத்தாலும் சரி. (உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் வேறு தொழில் செய்யக்கூடாது என்று இருக்கிறதா என்று முதலில் படித்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் கருவியையோ, கஸ்டமரையோ, கம்பெனி நேரத்தையோ தொடவே வேண்டாம்.) முழு வருஷம் முடியாது என்றால், குறைந்தது அந்தத் தொழிலின் மந்தமான மூன்று மாதத்தையாவது கடந்து வாருங்கள். சீசனில் எல்லோருக்கும் வேலை வரும், அதில் உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. மந்தத்திலும் உங்களைத் தேடி நாலு பேர் வருகிறார்களா என்பதில்தான் தெரியும்.

என் தொழிலில் பிப்ரவரியிலிருந்து மே வரை கொண்டாட்டம். தண்ணீர் மட்டம் கீழே போகப் போக மோட்டார் திணறும், காயில் கருகும். செப்டம்பர் அக்டோபரில் நம்ம பக்கம் மழை பிடித்துவிட்டால் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். நான் பகுதி நேரமாகச் செய்த வருஷத்தில், ஏப்ரலில் 19 மோட்டார் கட்டினேன், அக்டோபரில் 3. இந்த இரண்டு எண்ணையும் என் வீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டி வைத்திருந்தேன். ஏப்ரல் மாதத்து எண்ணை மட்டும் பார்த்திருந்தால் அடுத்த நாளே பேப்பர் போட்டிருப்பேன்.

மந்த மாதங்களுக்கு என்று வேறு ஒரு வேலையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியுமா என்றும் அந்த வருஷத்திலேயே பார்த்துவிடலாம். நான் மழைக்காலத்துக்கு வீட்டு வயரிங், மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் என்று எடுத்துக்கொண்டேன். வருமானம் சின்னதுதான், ஆனால் கடை திறந்திருப்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது.

நோட்டில் என்ன எழுதுவது

பெரிய கணக்கு வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். கைக்கு வந்த பணம், வர வேண்டிய பணம், கையை விட்டுப் போன பணம் என்று மூன்று பத்தி. வர வேண்டிய பணத்தை வந்த பணத்தோடு சேர்த்து எழுதுவதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, அதனாலேயே நோட்டில் லாபமும் சட்டைப் பையில் காலியும் இருக்கும்.

இன்னொரு பக்கம் வீட்டுக் கணக்கு. இதை வீட்டுக்காரம்மாவோடு உட்கார்ந்துதான் எழுத வேண்டும், நாமாகக் கற்பனையில் எழுதினால் பாதி விட்டுப்போகும். நான் என் மனைவியிடம் முதலில் கேட்டபோது, மாதம் 14,000 இருந்தால் சமாளிக்கலாம் என்று நான் சொல்ல, அவள் சிலிண்டர், அம்மாவின் சர்க்கரை மாத்திரை, சீட்டு, கூட்டுறவு நகைக்கடன் வட்டி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள், கடைசியில் 21,500 வந்து நின்றது. அதற்கு மேல் ஜூனில் பள்ளிக்கூடக் கட்டணம், ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல், தீபாவளி, பொங்கல், மொய். வருஷச் செலவை எல்லாம் கூட்டி 12 ஆல் வகுத்தால்தான் உண்மையான மாதச் செலவு தெரியும்.

அந்த எண்ணை எட்டால் பெருக்குங்கள். அவ்வளவு பணம் தொழிலுக்குப் போடும் முதல் இல்லாமல் தனியாகக் கையில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆறு மாதம் போதும் என்று பலர் சொல்வார்கள், நம் ஊரில் ஒரு மழைக்காலமும் அதைத் தொடர்ந்து ஒரு விலைவீழ்ச்சியும் சேர்ந்து வந்தால் ஆறு மாதம் போதாது. இந்தப் பணத்தைத் தொழிலில் போட்டுவிட்டு அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வரும், வரவே கூடாது.

சம்பளத்துக்குள் ஒளிந்திருப்பது

கையில் 24,000 வாங்குகிறவர், தொழிலில் 24,000 வந்தால் சமம் என்று நினைக்கிறார். சமம் இல்லை. அடிப்படைச் சம்பளம் 20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு அடிப்படைக்கும் பிஎஃப் கட்டும் கம்பெனியாக இருந்தால் உங்கள் பெயரில் அவர்கள் போடும் 12 சதவீதம் 2,400. பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, மாதத்துக்குக் கிட்டத்தட்ட 960 ரூபாய் உங்கள் பெயரில் சேர்ந்துகொண்டே இருக்கிறது. அதற்கு மேல் போனஸ், சம்பளத்தோடு கூடிய விடுப்பு, கம்பெனி சாப்பாடு, பஸ். இதையெல்லாம் சேர்த்தால் தொழிலில் செலவு போக 30,000 நின்றால்தான் நீங்கள் பழைய இடத்திலேயே நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

கிராஜுவிட்டியில் தேதி முக்கியம். நிரந்தரத் தொழிலாளிக்கு 5 வருஷம் தொடர்ந்து முடிந்தால்தான் அது உண்டு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்த தொகையை 15 ஆல் பெருக்கி 26 ஆல் வகுத்து, சர்வீஸ் வருஷத்தால் பெருக்க வேண்டும். 20,000 வாங்குகிறவருக்கு 11 வருஷத்துக்கு 1,26,923 ரூபாய். 5 வருஷத்துக்கு 57,692. நாலரை வருஷத்தில் சூப்பர்வைசரோடு சண்டை போட்டுப் பேப்பர் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த ஆறு மாதக் கோபத்தின் விலை ஒரு வைண்டிங் மெஷினும் மீட்டர் வகையறாவும். கோபத்தில் விடும் தேதி எப்போதும் தப்பான தேதியாகத்தான் இருக்கும்.

பிஎஃப் பணத்தைத் தொழிலுக்கு முதலாக நினைக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். 5 வருஷ சர்வீஸ் முடியாமல் 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்தால், பான் கொடுத்திருந்தாலும் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். அடுத்தது பென்ஷன் பங்கு: 10 வருஷம் முடிந்திருந்தால் அதை எடுக்க முடியாது, 58 வயதில் பென்ஷனாக வரும். 10 வருஷத்துக்குக் குறைவாக இருந்தால் 10சி படிவத்தில் பணமாக வாங்குவதற்குப் பதில் ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கி வைத்துக்கொள்ளலாம், நாளைக்குத் திரும்ப வேலைக்குப் போனால் பழைய சர்வீஸ் அதோடு சேரும். நான் 11 வருஷம் முடித்ததால் எனக்கு அந்தக் கேள்வி இல்லை, ஆனால் எட்டு, ஒன்பது வருஷத்தில் இருப்பவர்கள் பத்தை எட்டிவிட்டு வெளியே வருவது நல்லது என்றே சொல்வேன்.

பேப்பர் போடும் முன்

சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போது மட்டும் சுலபமாக முடியும் வேலைகள் சில இருக்கின்றன, அவற்றை முதலில் முடியுங்கள். டேர்ம் இன்சூரன்ஸ் முக்கியமானது. பிஎஃப் இருக்கும்வரை அதோடு சேர்ந்து 7 லட்சம் வரை ஆயுள் காப்பீடு தானாக இருக்கிறது, வெளியே வந்த பிறகு அது இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனி வருமானச் சான்று கேட்கும், சம்பளச் சீட்டு இருந்தால் பேச்சே இல்லை, புதிதாகக் கடை வைத்தவரிடம் இரண்டு மூன்று வருஷத்து வருமான வரிக் கணக்கு கேட்பார்கள். வீட்டுக் கடனுக்கும் இதேதான். பர்சனல் லோன் மட்டும் இந்தச் சமயத்தில் வாங்கி வைக்காதீர்கள், வட்டி அதிகம், தவணை அடுத்த மாதமே தொடங்கிவிடும்.

ஆஸ்பத்திரிச் செலவு அடுத்தது. கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் கடைசி நாளோடு முடியும். தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இஎஸ்ஐ அப்படி இல்லை. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து ஜூன் வரையும், அக்டோபரிலிருந்து மார்ச் வரை கட்டியதற்கு அடுத்த ஜூலையிலிருந்து டிசம்பர் வரையும் பலன் உண்டு, அந்த ஆறு மாதத்தில் 78 நாளாவது சந்தா போயிருக்க வேண்டும். பிப்ரவரி கடைசியில் வெளியே வருகிறவருக்கு இந்தக் கணக்குப்படி டிசம்பர் வரை மருத்துவம் நிற்கும். வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பம் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா பாருங்கள், இல்லாதவர்கள் குடும்பத்துக்கு ஒரு பாலிசி எடுத்த பிறகே பேப்பர் போடுங்கள். கரண்டு, வண்டி, ஏணி என்று ஆபத்தான வேலை செய்கிறவர்கள் வங்கியில் வருஷம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடும், 50 வயதுக்குள் இருந்தால் 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடும் சேர்ந்துகொள்ளுங்கள், ஒரு படிவம் எழுதினால் போதும்.

பிஎஃப் கணக்குக்கான எண்ணான யூஏஎன்னில் உங்கள் பெயர், பிறந்த தேதி, ஆதாரில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று வேலையில் இருக்கும்போதே பார்த்துத் திருத்துங்கள். எனக்கு இனிஷியல் மாறியிருந்தது, வெளியே வந்த பிறகு அதைத் திருத்த மூன்று முறை ஓசூருக்கு அலைந்தேன். ரிலீவிங் லெட்டர், எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16 எல்லாவற்றையும் வாங்கி ஒரே கவரில் போடுங்கள். நீங்கள் வெளியேறிய தேதியைக் கம்பெனி பிஎஃப் கணக்கில் ஏற்ற வேண்டும். ஏற்றவில்லை என்றால் இரண்டு மாதம் கழித்து நீங்களே ஏற்றலாம்.

கடன் கொடுப்பது, கேட்பது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்ம ஊர்க் கடைகள் வாடிக்கையாளர் இல்லாமல் மூடுவதைவிடக் கொடுத்த கடன் திரும்பாமல் மூடுவதுதான் அதிகம் என்று என் கண்ணுக்குப் படுகிறது. சொந்த ஊரில் கடை வைத்தால் வருகிறவர் எல்லாம் மாமா, சித்தப்பா, பங்காளி, கூடப் படித்தவர். யாரிடம் கறாராகப் பேசுவது?

கடை வைத்த முதல் மார்ச் மாதம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு பெரியவர் டிவிஎஸ் 50யில் பின்னால் மகனை உட்கார வைத்து, நடுவில் ஏழரை எச்பி மோட்டாரைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்தார். கழற்றினேன். கம்பியின் பிவிசி உறை உருகி, காயிலோடு காயில் கறுப்பாக ஒட்டிப்போய் இருந்தது. "கண்ணு, தக்காளி பூ விட்டு நிக்குது, ரெண்டு நாள் தண்ணி இல்லன்னா அத்தனையும் உதிர்ந்துடும்" என்றார். ராத்திரியே உட்கார்ந்து கட்டிக் கொடுத்தேன். காசு பேசும்போது, "காய் மார்க்கெட்டுக்குப் போனதும் மொத வேலையா உனக்குத்தான்" என்றார். சரி என்றேன். நல்ல மனிதர், ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை. ஆனால் காய் வரும் நேரத்தில் விலை படுத்துவிட்டது, பறிகூலிக்கே கட்டாமல் காட்டிலேயே விட்டுவிட்டார். அந்த ஒரு மார்ச்சில் இப்படி ஏழு மோட்டார் கடனில் போயிருந்தது. கம்பிக்கடையில் நான் ரொக்கம் கொடுத்து வாங்கிய காப்பர் அத்தனையும் ஏழு கிணற்றுக்குள் கிடந்தது, ஏப்ரலில் அடுத்த மோட்டார் வந்தபோது கம்பி வாங்க என்னிடம் காசு இல்லை.

அன்றிலிருந்து ஒரே விதி. கம்பிக் காசு கையில், கூலி காய் போனதும். நான் ரொக்கம் கொடுத்து வாங்கியதை யாருக்கும் கடனில் கொடுப்பதில்லை, அப்பாவின் தம்பியாக இருந்தாலும். என் உழைப்பை மட்டும் கடனாகக் கொடுப்பேன், அது திரும்பாமல் போனாலும் அடுத்த வேலையை அது நிறுத்தாது. இதை மோட்டாரைக் கழற்றும் முன்னாலேயே சொல்லிவிடுவேன், கட்டி முடித்த பிறகு சொன்னால் சண்டை. "சித்தப்பா, கம்பிக்கு மட்டும் இப்ப குடுங்க, என் கூலிய அறுப்பு முடிஞ்சு பாத்துக்கலாம்" என்று சொன்னால் இதுவரை யாரும் கோபித்துக்கொண்டு போனதில்லை. அவர் எதிரிலேயே பழைய கருகின காப்பரைத் தராசில் வைத்து எடை சொல்லி, அதன் விலையைப் புதுக் கம்பிக் காசில் கழித்துவிடுவேன். இந்தத் தராசு விஷயம் எனக்கு விளம்பரம் மாதிரி ஆகிவிட்டது, பழைய காப்பருக்குக் கணக்குச் சொல்கிற கடை என்று மாரண்டஹள்ளி பக்கமிருந்தெல்லாம் வருகிறார்கள்.

உங்கள் தொழிலில் கம்பி எது, கூலி எது என்று பிரித்துப் பாருங்கள். தையல்காரருக்கு லைனிங் துணி, பேக்கரிக்காரருக்கு மைதா, போட்டோகிராபருக்கு ஆல்பம் பிரிண்ட். அதை முன்பணமாக வாங்குங்கள். பாக்கியை ஒரு துண்டுச்சீட்டில் தேதியோடு எழுதி ஒன்றை அவர் கையில் கொடுங்கள், ஒன்று உங்களிடம்.

ஓசூர் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்யப் போகிறவர்களுக்குக் கடன் வேறு உருவத்தில் வரும், 90 நாள், 120 நாள் என்று இழுப்பார்கள். குறு, சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம், தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. அரசின் சமாதான் இணையதளத்தில் புகாரும் கொடுக்கலாம். ஆனால் புகார் கொடுத்த சின்ன வெண்டருக்கு அடுத்த ஆர்டர் வருவது கஷ்டம், அதனால் வேறு வழியில் போங்கள்: பில்லில் உத்யம் எண்ணை, அதாவது குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் பதிவு செய்த எண்ணை, பெரிதாக அச்சிடுங்கள். அந்தக் கெடு தாண்டி, நிதியாண்டு முடியும்போதும் உங்களுக்குப் பணம் தராமல் இருந்தால் அந்தச் செலவை அந்த வருஷத்து வருமான வரிக் கணக்கில் அவர்கள் கழிக்க முடியாது, அதனால் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருப்பவர் உங்கள் பில்லை மேலே எடுத்து வைப்பார். வெறும் வியாபாரம், வாங்கி விற்பது மட்டும் என்றால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

பதிவும் கடனும்

உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பானும் இருந்தால் போதும், அரசின் உத்யம் தளத்தில் நீங்களே செய்யலாம். 1,500, 2,000 கேட்கும் போலித் தளங்கள் கூகுளில் முதலில் வந்து நிற்கும், கவனம். ஆனால் ஒரு எச்சரிக்கை: மானியக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் அவசரப்பட்டுத் தொழிலை முழுசாக ஆரம்பித்துவிடாதீர்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம், அதாவது பிஎம்இஜிபி, புதுத் தொழிலுக்கு மட்டும்தான், ஓடிக்கொண்டிருக்கும் தொழிலுக்குத் தரமாட்டார்கள். அதில் தயாரிப்புக்கு 50 லட்சம், சேவைக்கு 20 லட்சம் வரை திட்டம் போடலாம். பொதுப் பிரிவுக்கு நகரத்தில் 15, கிராமத்தில் 25 சதவீதம் மானியம், பெண்கள், பிற்பட்டோர், எஸ்சி, எஸ்டி போன்ற சிறப்புப் பிரிவுகளுக்கு 25, 35. அதனால் கடையை டவுனில் வைப்பதா, ஊராட்சி எல்லைக்குள் வைப்பதா என்பதே பெரிய வித்தியாசம். மானியம் உங்கள் கைக்கு வராது, மூன்று வருஷம் வங்கியிலேயே வைப்பாகக் கிடந்து பிறகுதான் கடனில் கழியும். எனவே அதை நம்பி யாரிடமும் கைமாற்று வாங்காதீர்கள்.

மாநில அரசின் நீட்ஸ் திட்டம் 10 லட்சத்துக்கு மேல் போகிற பெரிய திட்டங்களுக்கு, 25 சதவீதம், அதிகபட்சம் 75 லட்சம் மானியம், ஐடிஐ, டிப்ளமா, டிகிரி படித்தவர்களுக்கு. எஸ்சி, எஸ்டி தொழில்முனைவோருக்கு அண்ணல் அம்பேத்கர் திட்டத்தில் 35 சதவீதம். எல்லாவற்றுக்கும் போக வேண்டிய இடம் மாவட்டத் தொழில் மையம். தர்மபுரியிலும் இருக்கிறது, கிருஷ்ணகிரியிலும் இருக்கிறது. வேலையை விடும் முன் ஒரு நாள் லீவு போட்டுப் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள், புரோக்கர் வேண்டாம். சின்ன முதல்தான் என்றால் முத்ரா கடன் திட்டத்தில் 50,000 வரை சிஷு, 5 லட்சம் வரை கிஷோர், அடமானம் கேட்கக்கூடாது. எதையும் வாங்கும் முன், மந்த மாதத்து வருமானத்தில் அந்தத் தவணையைக் கட்ட முடியுமா என்று நோட்டைப் பாருங்கள். ஏப்ரல் மாதத்துப் பக்கத்தைக் காட்டி மேனேஜரிடம் கடன் வாங்கிவிடலாம், அக்டோபரில் கட்டப்போவது நீங்கள்.

ஜிஎஸ்டியில் நம்ம பக்கத்துக்கு மட்டும் ஒரு சிக்கல். பொருள் மட்டும் விற்றால் 40 லட்சம், சேவை கலந்திருந்தால் 20 லட்சம் வருஷ விற்றுமுதல் வரை பதிவு வேண்டாம் என்பது பொது விதி. என் கடை ரிப்பேரும் செய்வதால் எனக்கு 20தான். ஆனால் வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால் ஒரு ரூபாய்க்கு விற்றாலும் பதிவு கட்டாயம். ஓசூரில் இருப்பவருக்கு அத்திப்பள்ளி பத்து நிமிஷம், பெங்களூருதான் பெரிய சந்தை, பர்கூர் தாண்டினால் குப்பம். அதனால் ஊறுகாயோ, மசாலாப் பொடியோ, ஃபேப்ரிகேஷன் பொருளோ எதுவானாலும், எல்லை தாண்டி விற்கும் எண்ணம் இருந்தால் முதல் நாளே பதிவு எடுங்கள். சின்ன வியாபாரிகளுக்கான காம்போசிஷன் முறையில் வரி குறைவு என்று சேர்ந்தால் வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது, அதையும் சேர்த்து யோசியுங்கள்.

வீட்டிலேயே மெஷின் போடுகிறவர்கள் வீட்டு மின் இணைப்பில் ஓட்ட வேண்டாம், பிடித்தால் அபராதம். சிறிய தயாரிப்புத் தொழிலுக்கு 12 கிலோவாட் வரை 3ஏ1 என்று தனிக் கட்டண வகை இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு. வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் முதல் வருஷத்திலிருந்தே வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்துவிடுங்கள். சின்னத் தொழிலுக்கு விற்றுமுதலில் 8 சதவீதம், வங்கி வழியாக வந்ததில் 6 சதவீதம் லாபம் என்று காட்டும் எளிய முறை இருக்கிறது. மூன்றாவது வருஷம் வங்கிக்குப் போகும்போது அந்த மூன்று தாள்தான் உங்கள் சம்பளச் சீட்டு.

திரும்பிப் போகும் தேதி

கடை திறக்கும் முன்பே இன்னொன்றையும் எழுதி வையுங்கள். கையிருப்பு எவ்வளவுக்குக் கீழே போனால் திரும்ப வேலை தேடுவேன் என்ற தொகை. எனக்கு அது மூன்று மாத வீட்டுச் செலவு. அதை நானும் மனைவியும் சேர்ந்து எழுதி, நோட்டின் பின் அட்டையில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். முதல் நவம்பரில் அதற்கு 4,000 ரூபாய் மேலே வரைக்கும் இறங்கியது. பழைய ஃபோர்மேனிடம் போன் செய்து ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டுவிட்டேன், ஜனவரியில் எடுப்போம் என்றார். அவரோடு சண்டை போடாமல் வெளியே வந்திருந்ததால்தான் அந்த போனைச் செய்ய முடிந்தது. டிசம்பர் கடைசியில் வெள்ளிச்சந்தை பக்கமிருந்து ஒரே நாளில் இரண்டு மோட்டார் வந்தது, பொங்கல் முடிந்து அடுத்த வாரம் ஐந்து. ஃபோர்மேனுக்குத் திரும்ப போன் செய்து, இந்த வருஷம் வரவில்லை சார் என்று சொன்னேன். அவர் நம்பரை இன்னும் அழிக்கவில்லை.